அடங்காதவளின் பிள்ளை

சிப்போரா அக்கா அந்த நோன்பு நாளில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வாயில் விடப்போவதில்லை என்பது அந்தக் கட்டடத்தில் மூன்று பேருக்குத் தெரியும். அவள் புருஷன் எர்வினுக்கு, கீழ்த்தளத்து ஜெர்மன்கார அம்மாள் ஃப்ராவ் ஹேபர்லேக்கு, இரண்டாம் மாடியில் இருந்த எனக்கு. அவளுக்கு ஏழாவது மாதம். பட்டினி கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். எர்வின் டெலிபோனில் பிடித்துக் கேட்ட ரபியும், அதாவது அவர்களுடைய யூத குருவும், கூடாது என்றே சொல்லியிருந்தார். குருவே சாப்பிடச் சொல்லியும் ஒருத்தி பட்டினி கிடப்பேன் என்றால் அது பக்தி இல்லை. பயம்.

அறுபத்தெட்டாம் வருஷம், அக்டோபர் தொடக்கம். ஸ்டுட்கார்ட்டில் நெக்கர் ஆற்றுக்கு இந்தப் பக்கம், கான்ஷ்டாட்டில் எங்கள் கட்டடம். மாடிப்படி வளைவில் பொதுக் கழிப்பறை, வீட்டுக்கு ஒரு கரி அடுப்பு, சமையலுக்கு காஸ். அந்த வாரம் ஆற்றங்கரை மைதானத்தில் திருவிழா. ராட்டினச் சத்தமும் பன்றி சாஸேஜ் வறுக்கிற புகையும் பகல் முழுக்க வந்துகொண்டிருக்கும். மலைச்சரிவில் திராட்சை பறிப்பு தொடங்கியிருந்தது. விடிகாலையில் பனிமூட்டம் ஆற்றிலிருந்து ஏறி ஜன்னலில் வந்து நிற்கும். கரி வாளியை மேலே தூக்கி வருவதற்குள் கை விறைத்துவிடும்.

நான் இஞ்சினீயரிங் படிக்க வந்தவன். இரண்டு வருஷத்தில் விட்டுவிட்டேன். புரியாமல் இல்லை, போதும் என்று தோன்றிவிட்டது. போத்தனூரில் அப்பாவுக்கு நான் இன்னும் படித்துக்கொண்டிருந்தேன். இங்கே ரொட்டி ஃபாக்டரியில் இரவு ஷிஃப்டில் இருந்தேன். ரை தானிய மாவு புளித்துத் தொட்டியில் பொங்கும். அதை வெட்டி, எடைபோட்டு, பலகையில் உருட்டி வைத்து, அடுப்பு வாய்க்குள் தள்ள வேண்டும். முழங்கை வரைக்கும் சூட்டுத் தழும்பு. எத்தனை தேய்த்தாலும் ரொட்டி வாசம் போகாது. ட்ராமில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் என்னை முகர்ந்துவிட்டுப் பசியோடு இறங்கிப் போவார்கள்.

சிப்போரா அக்கா எனக்குத் தெரிய வந்தது ஒரு கெட்ட வார்த்தையால். வந்த புதிதில் படியில் கரி வாளியைக் கொட்டிவிட்டேன். அப்போது சொன்ன வார்த்தையை எழுத முடியாது. மூன்றாம் மாடியிலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. "போத்தனூரா, வெள்ளலூரா?"

அவளுடைய ஆட்கள் கொச்சி யூதர்கள். அவள் அப்பா முட்டை வியாபாரம். பொள்ளாச்சிச் சந்தையிலும் கோயம்புத்தூரிலும் முட்டை வாங்கி, கூடையில் உமி பரப்பி அடுக்கி, எர்ணாகுளத்துக்கு ரயிலேற்றுகிறவர். அதற்காகவே போத்தனூரில் வீடு எடுத்துத் தங்கிவிட்டார். அவள் படித்தது, சண்டை போட்டது எல்லாம் எங்கள் ஊர்த் தமிழில். ஐம்பத்துநாலில் குடும்பத்தோடு இஸ்ரேல் போனாள். அங்கே எர்வினைக் கட்டினாள். எர்வின் இந்த ஊரில் பிறந்து, சின்ன வயதில் தப்பி ஓடி, நாற்பது வயதில் திரும்பி வந்தவர். கண்ணாடிக் கடையில் வில்லை தேய்க்கிற வேலை. ஏன் திரும்பி வந்தார் என்று ஒருவரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை.

மசக்கையில் அவளுக்குத் தன் அடுப்படியே ஒத்துவரவில்லை. வெங்காயம் வதக்கினால் ஓடிப் போய் வாந்தி எடுப்பாள். ஆனால் எங்கள் ஊர் அரிசிம்பருப்புச் சோறு மட்டும் வேண்டும், அதையும் வேறு யாராவது செய்து தர வேண்டும். அவர்களுக்குப் பாத்திர சுத்தம் பெரிய விஷயம். அதனால் போத்தனூரிலிருந்து அவள் கூடவே அலைந்த அலுமினியக் குண்டானை, அடையாளத்துக்கு அதன் காதில் சிவப்புக் கயிறு கட்டி, என் அலமாரியில் கொண்டுவந்து வைத்தாள். அவள் அரிசி, அவள் பருப்பு. கீழே இறங்கி வந்து என் அடுப்பை அவளே பற்றவைப்பாள். அவர்கள் கை நெருப்பு இருந்தால் போதுமாம். மீதி என் வேலை. அந்தக் குண்டானில் நான் வேறு எதுவும் சமைத்ததில்லை. ஒரே ஒரு தடவை முட்டை வேகவைக்கலாமா என்று எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்துவிட்டேன்.

முந்தின நாள் பொழுது சாய்ந்ததுமே அவர்கள் நோன்பு தொடங்கிவிடும். அதற்கு முன்னால் எர்வின் என் கதவைத் தட்டினார். காலில் துணி ஷூ. அந்த நாளில் அவர்களுக்குத் தோல் ஆகாது. வெளியே தூறிக்கொண்டிருந்தது. கையில் இருந்த பொட்டலத்தில் வழிபாட்டுக்கான வெள்ளை அங்கி. செத்தால் அதைத்தான் உடுத்திப் புதைப்பார்கள் என்று ஒரு தடவை சொல்லியிருக்கிறார். மலைமேல் ஒரு முதியோர் இல்லத்தில் அவர்கள் ஆட்கள் ஒன்பது கிழவர்கள் இருந்தார்கள். பத்து ஆண் இல்லாவிட்டால் அவர்களால் முக்கியமான பிரார்த்தனைகளைச் சொல்ல முடியாது. எர்வின் பத்தாவது ஆள். படித்துச் சொல்கிறவரும் அவரே. அந்த நாளில் ட்ராம் ஏறவும் கூடாது. போக ஒரு மணி நேரத்துக்கு மேல் நடை. அன்று மாலை போய் நடந்தே திரும்பி, விடியுமுன் மறுபடியும் போய்விடுவதாகச் சொன்னார்.

மருந்து ஊற்றிக் குடிக்கிற சின்னக் கண்ணாடிக் குவளை ஒன்றை என் மேஜையில் வைத்தார். அதில் மையால் ஒரு கோடு போட்டிருந்தார். கோடு வரைக்கும் தண்ணீர். குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருக்க வேண்டும். பிறகு மறுபடியும் கோடு வரைக்கும். அப்படிக் குடித்தால் அவர்கள் மதச் சட்டத்தில் அது முழுசாகக் குடித்த கணக்கில் வராது, கர்ப்பிணிகளுக்கும் நோயாளிகளுக்கும் அதுதான் வழி என்றார்.

"அவள் குடிக்க மாட்டாள், ஸ்வாமி. நீங்கள் குடிக்க வைக்க வேண்டும்."

சுவாமிநாதன் என்கிற என் பெயரை அவர் அப்படித்தான் சுருக்கியிருந்தார். அதனால் அந்தத் தெருவில் பாதிப் பேர் என்னைச் சாமியார் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

"நீங்கள் சொல்லியே கேட்காதவள், நான் சொல்லியா?"

"நான் சொன்னால் அது சட்டம். நீங்கள் சொன்னால் அது ஊர்."

பிறகு காரணத்தைச் சொன்னார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே நோன்பு நாளில் அவள் ஆறு மாதம். மத்தியானம் கீழ்த்தளத்தில் ஃப்ராவ் ஹேபர்லே ப்ளம் கேக் சுட்டாள். வாசம் மாடியேறி வந்தது. சிப்போராவின் முகம் வெளுத்து உதடு நடுங்கியது. கர்ப்பிணிக்கு நோன்பு நாளில் வாசம் ஏறிவிட்டால் என்ன செய்வது என்று அவர்களிடம் பழைய முறை இருக்கிறது. முதலில் அவள் காதில் மெதுவாகச் சொல்ல வேண்டும், இன்றைக்கு யோம் கிப்பூர் என்று. அது அவர்களுடைய பெரிய நோன்பு. அதைக் கேட்டு ஆசை அடங்கினால் நல்லது. அடங்காவிட்டால் விரலைச் சாற்றில் தொட்டு நாக்கில் வைக்க வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் சாறு. அதற்கும் அடங்காவிட்டால் அந்தப் பண்டத்தையே கொடுத்தாக வேண்டும், அப்புறம் பேச்சே கிடையாது. எர்வின் காதில் சொன்னார். அவள் அடங்கவில்லை. கேக் தின்றாள். அடுத்த வாரம் குழந்தை வயிற்றிலேயே செத்துப்போனது.

"அவள் தின்றதால் இல்லை என்று டாக்டர் சொன்னார். நான் சொன்னேன். ரபி சொன்னார்." துணி ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றார். "நாளைக்கு நீங்கள் எதுவும் சமைக்க வேண்டாம். ஃப்ராவ் ஹேபர்லேயிடமும் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொண்டாள்."

சமைக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அப்போது உண்மையாகவே அந்த எண்ணம்தான்.

அன்று இரவு ஷிஃப்ட் முழுக்க எனக்கு வேலையில் புத்தி இல்லை. ஒரு பலகை ரொட்டியைக் கருகவிட்டு மேஸ்திரியிடம் ஏச்சு வாங்கினேன். காலையில் வந்து, துணி துவைக்கிற சோப்பால் உடம்பைத் தேய்த்துக் குளித்தேன். ரொட்டி வாசத்தோடு அவள் முன்னால் போய் நிற்கக் கூடாது என்று பட்டது. வேறு சட்டை போட்டுக்கொண்டு மேலே போனேன். கதவு தாழ் போடாமல் இருந்தது.

ஜன்னலோரம் நாற்காலியில் வெள்ளை உடையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் பிரார்த்தனைப் புத்தகம். அலமாரி மேல் எர்வினின் அப்பா அம்மா நினைவாக முந்தின மாலை ஏற்றிய இரண்டு மெழுகுவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. அந்தக் குவளையைப் போலவே இன்னொன்று, கோடு வரை தண்ணீரோடு, மேஜையில் தொடாமல் இருந்தது.

"தூங்கலையா தம்பி?"

"தூக்கம் வரலீங்க."

"பொய் சொல்லாத. அவரு உன்னையக் காவலுக்கு வெச்சுட்டுப் போயிருக்கறாரு. அந்தக் கெளாஸ அக்கட்டால நகத்து. பாத்தாலே தொண்ட வறளுது."

நகர்த்தவில்லை. எதிரில் உட்கார்ந்துகொண்டேன். எங்கள் வீட்டில் விரதம் என்றால் பாலும் பழமும் உண்டு, ராத்திரிக்குத் தோசை உண்டு, நீங்கள் மட்டும் ஏன் இப்படி என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போத்தனூரில் பக்கத்து வீட்டம்மா கிருத்திகை விரதம் என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்த இடத்தில் தோசைக்கல்லைக் காலி பண்ணுவாளாம். அவள் அப்பா முட்டைக் கூடையை எண்ணிக்கொண்டே, இந்த மாதிரி நோன்பு நமக்கும் எழுதி வைத்திருந்தால் எத்தனை நன்றாக இருக்கும் என்பாராம்.

சிரித்ததில் உதடு வெடித்து ரத்தம் கசிந்தது. நாக்கால் தடவவும் பயந்து புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

அப்புறம் அந்தக் கதையைச் சொன்னாள். அவள் அப்பா சொன்னது, அவருக்கு அவர் அப்பா சொன்னது. பழைய காலத்தில் இரண்டு கர்ப்பிணிகள். இரண்டு பேருக்கும் நோன்பு நாளில் வாசம் ஏறியது. ஒருத்தி காதில் சொன்னார்கள், அடங்கினாள். அவள் பெற்ற பிள்ளை பெரிய ஞானி ஆனான். இன்னொருத்தி காதிலும் சொன்னார்கள். அவள் அடங்கவில்லை, கொடுத்தார்கள், தின்றாள். அவள் பிள்ளை பஞ்சத்தில் தானியத்தைப் பதுக்கி வைத்து விற்கிற பாவி ஆனான்.

"பிள்ள எப்பிடின்னு வயித்துல இருக்கறப்பவே தெரிஞ்சு போயிருது. போன தடவ எனக்குத் தெரிஞ்சு போச்சு. அதான் ஆண்டவன் எடுத்துக்கிட்டான். இந்த வாட்டி நான் அடங்கிக் காட்டோணும்."

அவள் திரும்ப வாசிக்க ஆரம்பித்தாள். எபிரேய வார்த்தைகள். ஆனால் அவள் இழுத்து இழுத்துப் பாடியது எர்வினின் ராகம் இல்லை, கொச்சிக்காரர்கள் ராகம். எனக்கு அது நெல் குத்தும்போது எங்கள் பக்கம் பாடுகிறதைப் போல இருந்தது.

மத்தியானம் வரை நான் அந்தக் குவளையை இரண்டு மூன்று தடவை நீட்டினேன். கெஞ்சினேன், திட்டினேன். எர்வின் சொன்னதை, ரபி சொன்னதை, டாக்டர் சொன்னதை எல்லாம் திரும்பச் சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பனி விலகிவிட்டது. மைதானத்தில் ராட்டினம் சுற்றத் தொடங்கியது. சாஸேஜ் புகை வந்தது. அது அவளை ஒன்றும் செய்யவில்லை. மூக்கைச் சுளித்து ஜன்னலைச் சாத்தச் சொன்னாள், அவ்வளவுதான். வெயில் மேஜையைத் தாண்டிச் சுவருக்குப் போனபோது புத்தகத்தை மூடிவிட்டுக் கட்டிலில் இடது பக்கமாகப் படுத்தாள். உதடு சுண்ணாம்பு மாதிரி இருந்தது. பேசும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி ஒட்டிப் பிரிந்தது.

"தம்பி."

"சொல்லுங்க."

"காலைல இருந்து அசையல."

நான் எழுந்து நின்றுவிட்டேன். கட்டடத்தில் ஒரே டெலிபோன் ஃப்ராவ் ஹேபர்லே வீட்டில். போய் ஆம்புலன்ஸுக்குச் சொல்கிறேன் என்றேன்.

"நீ படியெறங்கு, நான் தாப்பாப் போட்டுக்கறேன். கதவ ஒடைச்சுத்தான் எடுத்துட்டுப் போகோணும்."

"எர்வின் அண்ணனுக்காவது சொல்லி உடறேன்."

"பத்து ஒம்பதாயிரும். அந்தக் கெழவனுகளுக்கு அடுத்த வருஷம் இருக்குதோ இல்லியோ. பேசாம உக்காரு. தூங்குதாட்ட இருக்குது."

தூங்குகிறது என்றுதான் போன தடவையும் நினைத்திருப்பாள். அதை நான் சொல்லவில்லை. அவள் கண்ணில் அது ஏற்கனவே இருந்தது. அப்படி இருந்தும் அந்தக் குவளையை எடுக்க அவள் கை நீளவில்லை. கதவை உடைக்கிற வரைக்கும் குழந்தைக்கு நேரம் இருக்குமா என்று எனக்குத் தெரியாது. சட்டம் பேசினால் கேட்க மாட்டாள். அழுதால் கேட்க மாட்டாள். வாசம் மட்டும்தான் பாக்கி.

கரி எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு என் வீட்டுக்கு இறங்கினேன். சிவப்புக் கயிறு கட்டின குண்டானை எடுத்தேன். அடுப்பை நானே பற்றவைத்தேன். அன்றைக்கு அவள் கை நெருப்புக்கு வழி இல்லை.

டப்பாவில் அவளுடைய துவரம்பருப்பு ஒரு பிடிதான் மிச்சம். அரிசியோடு சேர்த்துக் களைந்து ஊறப்போட்டேன். ஊறுவதற்கு எல்லாம் பொறுமை இல்லை. வெண்ணெயை உருக்கி நெய்யாக்கியது இருந்தது. அவள்தான் காய்ச்சிக் கொடுத்தது. அதை விட்டு, சீரகம் பொரிந்ததும் வரமிளகாயைக் கிள்ளிப் போட்டேன். இந்த ஊர்ச் சின்ன வெங்காயம் நீளமாக, காரமில்லாமல் இருக்கும். அதை உரித்து முழுசு முழுசாகப் போட்டேன். பூண்டை நசுக்கிப் போட்டேன். பூண்டு விளிம்பு சிவந்ததும் மஞ்சளும் மல்லித்தூளும். அரிசியும் பருப்பும் தண்ணீரோடு உள்ளே போனதும் அந்த வாசம் எழுந்தது. எங்கள் பக்கம் மழை நாளில் வேறு எதுவும் இல்லாத வீட்டிலும் வருகிற வாசம். கதவை அகலத் திறந்து வைத்தேன். ஒரு துணியால் புகையை மாடிப்படிப் பக்கம் விசிறினேன்.

முதலில் வந்தது ஃப்ராவ் ஹேபர்லே. அந்த வாரம் படி கூட்டுகிற முறை அவளுடையது. துடைப்பத்தோடு ஏறி வந்து என் வாசலில் நின்றாள்.

"என்னைக் கேக் சுடாதே என்றார்கள். என் கேக்கால் ஒரு குழந்தை செத்தது என்று இரண்டு வருஷமாக அந்தப் பெண் என் முகத்தைப் பார்ப்பதில்லை. இப்போது நீ என்ன செய்துகொண்டிருக்கிறாய்?"

"கேக்கை விட மோசமான வேலை."

"கதவைச் சாத்து."

"குழந்தை அசையவில்லை, ஃப்ராவ் ஹேபர்லே. அவள் தானாக இறங்கி வந்து சாப்பிட வேண்டும். வரவில்லை என்றால் உங்கள் டெலிபோன் வேண்டும். கதவை உடைக்க ஆளும் வேண்டும்."

அவள் என்னையும் குண்டானையும் பார்த்தாள். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். என் கையிலிருந்த துணியைப் பிடுங்கி அவளே விசிறத் தொடங்கினாள். அந்தக் கைக்கு என் கையை விட வேகம் இருந்தது.

அரிசி வெந்து குழைகிற நேரத்தில் மேலே கதவு கிரீச்சிட்டது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். வளைவு தாண்டியதும் அவள் முகம் தெரிந்தது. எர்வின் சொன்ன முகம். உதடு நடுங்கியது, மூக்கு விடைத்தது, கண் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் அடுப்பைப் பார்த்தது.

"யாருடா உன்னையச் சமைக்கச் சொன்னது?" என்றாள். குரலே இல்லை, காற்றுதான் வந்தது.

நேராகத் தட்டில் போட்டு நீட்டியிருக்கலாம். நீட்டினால் தட்டிவிடுவாள் என்று தெரியும். முறைப்படி போக வேண்டும், முதல் படி காதில் சொல்வது, அது பலிக்காது, அடுத்தது விரல், அடுத்தது சாறு. இப்படித்தான் நான் கணக்குப் போட்டிருந்தேன். படியேறிப் போய் அவள் காதுப் பக்கம் குனிந்தேன். பட்டினி வாயின் புளித்த வாடை அடித்தது.

"அக்கா, இன்னிக்குப் பெரிய நோன்புங்க. இன்னிக்கு யோம் கிப்பூருங்க."

கண்ணை மூடினாள். கைப்பிடியை இறுக்கியிருந்த விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. உதட்டு நடுக்கம் நின்றது. நீளமாக ஒரு மூச்சு விட்டாள். கண்ணைத் திறந்தபோது அந்த முகம் போய்விட்டிருந்தது.

"அடங்கிருச்சு," என்றாள். "எங்கப்பா சொல்றாப்பலயே இருந்துச்சு. பாத்தியா தம்பி, அடங்கிட்டேன்."

சந்தோஷமாக, மெல்ல, மேலே ஏறத் திரும்பினாள்.

இரண்டு வருஷமாக அவள் ஏங்கிக் கிடந்த ஜெயத்தை நானே அவள் காதில் ஊதிக் கொடுத்திருந்தேன். எர்வின் ஜெர்மனில் சொல்லிப் பலிக்காதது போத்தனூர்த் தமிழில் பலித்துவிட்டது. கீழே ஃப்ராவ் ஹேபர்லே விசிறுவதை நிறுத்திவிட்டு என்ன ஆயிற்று என்று கண்ணால் கேட்டாள்.

"அக்கா," என்றேன். "அந்தக் கதைல எந்தக் கொழந்த செத்துச்சுங்க?"

நின்றாள். திரும்பவில்லை.

"எந்தக் கதைல?"

"ரெண்டு பொம்பளைங்க கதைல. அடங்குனவ பிள்ள ஞானியாயிட்டான். சரி. அடங்காதவ பிள்ள செத்துப் போச்சுங்களா?"

"சாகல. அதான் சொன்னேனே. பதுக்கி வித்த பாவி."

"எத்தன வயசு வரைக்கும் இருந்தான்?"

அவள் கை மறுபடியும் கைப்பிடியைப் பிடித்தது.

"பஞ்சம் வாற வரைக்கும் இருந்திருக்கறான். குதிர் கட்டியிருக்கறான். தானியம் வாங்கி நெரப்பியிருக்கறான். வெல ஏறட்டும்னு காத்திருந்திருக்கறான். அதுக்கெல்லாம் உசுரு வேணுமில்லீங்க."

"அவனாட்ட ஒருத்தனப் பெத்துக்கங்கறயா?"

"பெத்துக்கங்க. நம்மூருல மில்லு வெச்சிருக்கறவன்ல பாதிப் பேரு அவனாட்டத்தான். நெம்ப நல்லா இருக்கறானுக."

அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தாளா, கால் மடங்கியதா என்று தெரியவில்லை. என்னை அடிக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கியிருப்பேன். அவள் அப்பா சொன்னதை, அவர் அப்பா சொன்னதை, ஃபாக்டரிக்காரன் ஒருவன் மாடிப்படியில் நின்று திருப்பிப் போட்டால் யாருக்கும் கோபம் வரும். அவள் அடிக்கவில்லை. வயிற்றின் மேல் இரண்டு கையையும் வைத்து அழுத்தினாள். இடது பக்கம், வலது பக்கம். எதற்கோ காத்திருந்தாள். அது வரவில்லை.

"அவங்கம்மா அப்புறம் என்ன ஆனான்னு எங்கப்பா சொன்னதே இல்ல," என்றாள். அழவில்லை. "கொண்டா."

நான் விரலைச் சாற்றில் தொட்டு நீட்டப் போனேன்.

"அதெல்லாம் வேண்டாம். தட்டுல போட்டுக் கொண்டா."

அவள் தட்டு மேலே இருந்தது. ஃப்ராவ் ஹேபர்லே என்னை முந்திக்கொண்டு ஏறினாள். அந்த வயதில் அந்த உடம்பு அப்படி ஏறும் என்று நான் நினைத்ததில்லை. தட்டையும் அந்தக் கோடு போட்ட குவளையையும் எடுத்து வந்தாள். சிப்போரா அக்கா முதலில் தண்ணீரைக் குடித்தாள். கோட்டோடு நிறுத்திவிட்டு, குவளையைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு என் வீட்டுக் குழாயில் சொம்பு நிறையப் பிடித்து வரச் சொன்னாள். ஏதோ முணுமுணுத்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தாள். சுடச்சுட, கையால், ஊதக்கூட இல்லாமல். பூண்டை மட்டும் ஒதுக்கி வைத்துக் கடைசியில் தின்றாள். எங்கள் ஊரில் பிள்ளைகள் அப்படித்தான் தின்னும். நாங்கள் இரண்டு பேரும் கீழ்ப்படியில் நின்றுகொண்டிருந்தோம்.

முடித்துவிட்டுத் தட்டைப் பக்கத்தில் வைத்தாள். கை கழுவவில்லை. வலது கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இடது கையை வயிற்றில் வைத்து உட்கார்ந்திருந்தாள். மைதானத்தில் ராட்டினப் பாட்டு நின்று மறுபடி தொடங்கியது. யாரோ தெருக்கதவைத் திறந்து சாத்தினார்கள். கை விரல்களில் பருக்கை காய்ந்து ஒட்டிக்கொண்டது. ஃப்ராவ் ஹேபர்லே, இனிமேல் டெலிபோன் செய்துவிடலாம் என்று என் காதில் சொன்னாள். நான் தலையாட்டினேன். அவள் கீழே இறங்கிப் பாதி வழி போயிருப்பாள்.

"ம்," என்றாள் சிப்போரா அக்கா.

ஃப்ராவ் ஹேபர்லே நின்று, திரும்பி ஏறி வந்தாள்.

"ஒதைக்கறான். படவா. நல்லா ஒதைக்கறான்."

நான் அதை ஜெர்மனில் சொல்வதற்கு முன்னாலேயே ஃப்ராவ் ஹேபர்லேக்குப் புரிந்துவிட்டது. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு மேலே போய், ஏற்கனவே கூட்டியிருந்த படிகளை மறுபடியும் மேலிருந்து கூட்டிக்கொண்டு இறங்கினாள். சிப்போரா அக்கா உட்கார்ந்திருந்த படிக்கு வந்ததும் நின்றாள். சிப்போரா அக்கா கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். இரண்டு வருஷத்துக்குப் பிறகு இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது அப்போதுதான்.

இருட்டி நட்சத்திரம் தெரிந்த பிறகு எர்வின் வந்தார். நோன்பு முடிந்துவிட்டதால் ட்ராமில் வந்திருந்தார். துணி ஷூ இரண்டும் நனைந்து கறுத்திருந்தன. குரல் போயிருந்தது. நாள் முழுக்க நின்று ஒன்பது கிழவர்களுக்காகப் பாடிய தொண்டை. நான் ஷிஃப்டுக்குக் கிளம்பிய கோலத்தில் மேலே அவள் கட்டில் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். அவர் மேஜையில் இருந்த குவளையைப் பார்த்தார். காலி. அவளைப் பார்த்தார். உதட்டில் நிறம் வந்திருந்தது. அப்புறம் மோப்பம் பிடித்தார். பூண்டு வாசம் இன்னும் போகவில்லை.

"சமைத்தீர்களா?" என்றார்.

"சமைத்தேன்."

"வாசம் ஏறியதா?"

"ஏறியது."

"காதில் சொன்னீர்களா?"

"சொன்னேன்."

"அடங்கினாளா?"

அடங்கினாள் என்றால், அடங்கினவளுக்கு எதற்குக் கொடுத்தீர்கள் என்று கேட்பார். சிப்போரா அக்கா தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இல்லை," என்றாள் ஜெர்மனில். புருஷன் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னாள். "இந்தத் தடவையும் அடங்கவில்லை. குண்டான் முழுக்கத் தின்றேன்."

எர்வின் அந்தக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். அவள் அவர் கையை எடுத்து எந்த இடத்தில் வைக்க வேண்டுமோ அங்கே வைத்தாள். அலமாரி மேல் மெழுகு தீர்ந்து விளக்குகளில் ஒன்று அணைந்திருந்தது. மற்றது எரிந்துகொண்டிருந்தது.

எனக்கு நேரமாகிவிட்டது. கதவுப் பக்கம் போனேன்.

"தம்பி," என்று தமிழில் கூப்பிட்டாள். "அலமாரிக் கீழ்த்தட்டுல, துணிக்கு அடியில, ஒரு கிண்ணத்துல இவருக்குக் கொஞ்சம் பதுக்கி வெச்சிருக்கறேன். எடுத்துக் குடுத்துட்டுப் போ."

"என்ன சொல்கிறாள்?" என்றார் எர்வின்.

"சாப்பாடு இருக்கிறது என்கிறாள்," என்றேன். கிண்ணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனேன்.